பல்லு ரயில் புராணம்

வாங்க மாப்பிள்ளை, இப்படித் திண்ணையில உக்காருங்க. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு. அது என்னைக்கு நேரத்துக்கு வந்துச்சு, இன்னைக்கு வர்றதுக்கு? உங்க பொண்டாட்டி உள்ள அவ அம்மாகூட உக்காந்து பெட்டி கட்டுறேன்னு ஊர்க்கதை கட்டிக்கிட்டு இருக்கா. அது முடியறதுக்கு நேரமாகும். இந்தக் கெழவன்கிட்ட மாட்டிக்கிட்டோமேன்னு உங்க மூஞ்சி சொல்லுது. பரவாயில்லை, மூஞ்சியை அப்படியே வச்சுக்குங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

ஊட்டிக்குப் போறீங்களாம். அதுவும் தலைதீபாவளி முடிஞ்ச கையோட. அதுவும் மேட்டுப்பாளையத்துலேருந்து பல்லு ரயில்ல. பேத்தி சொன்னா. ரொம்ப சந்தோஷம். பல்லு இருக்கறப்பவே பல்லு ரயில்ல போயிடணும். என் வாயைப் பாருங்க, மேல ரெண்டு, கீழ ஒண்ணு. அதுவும் பாகப்பிரிவினை ஆன பங்காளி மாதிரி ஒண்ணை ஒண்ணு பார்க்காம நிக்குது. ஆனா அந்த ரயிலோட பல்லைப் பத்தி இந்தக் குடமுருட்டிக் கரையில என்னைவிட விவரம் தெரிஞ்ச ஆளு கிடையாது. நான் போயிட்டு வந்தவன்.

சிரிக்கிறீங்க. எங்க ஊர்க்காரன் மலை ஏறினதுல சிரிக்க விஷயம் இருக்கத்தான் செய்யுது. எங்களுக்கு மலைன்னா வைக்கப்போர். அதுக்கு மேல உசரம்னா பெரிய கோயில். வயல்ல ஒரு சாண் மேடு தட்டினாலே தண்ணி ஏறலைன்னு வரப்புல நின்னு கத்துவோம். கல்லணையிலேருந்து கடல் வரைக்கும் பூமி சரிஞ்சுதான் போகுது, ஆனா அது மனுசன் கண்ணுக்குத் தெரியாது. தண்ணிக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட ஊர்லேருந்து ஏழு பேரு 2012-ல கிளம்பினோம். ஏன் கிளம்பினோம்? சும்மா இருந்தோம், அதான். அந்த வருஷம் ஜூன் 12-ல மேட்டூரைத் திறக்கலை. செப்டம்பர்லதான் திறந்தாங்க. குறுவை போச்சு. நாத்தங்காலைப் பார்த்துப் பார்த்து வயிறெரியறதுக்கு, எங்கயாவது போய்த் தொலையலாம்னு உங்க பொண்டாட்டியோட அப்பாயிதான் சொன்னா. அவ அதுவரைக்கும் பார்த்த அதிகபட்ச மேடு, திருச்சி மலைக்கோட்டை.

கூட என் சகலையும் வந்தாரு. பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரைக் கூட்டிக்கிட்டு ரயில் ஏறுறதும், அர்ச்சகரைக் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போறதும் ஒண்ணு. சாமியைப் பார்க்க விடாம சாமியைப் பத்தியே சொல்லுவாரு. நான் இப்ப உங்களுக்குச் சொல்றதுல பாதி அவர் சரக்கு. மீதிக்கு நான் பொறுப்பு.

மொதல்ல கணக்கைக் கேட்டுக்குங்க. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துலேருந்து 326 மீட்டர். ஊட்டி ஸ்டேஷன் 2,203 மீட்டர். இடையில தண்டவாளம் 46 கிலோமீட்டர். தஞ்சாவூர்லேருந்து கும்பகோணம் போற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனா உசரத்தைப் பாருங்க. நம்ம பெரிய கோயில் விமானம் 216 அடிம்பாங்க. மேட்டுப்பாளையத்துலேருந்து அதை ஒண்ணு மேல ஒண்ணா 28 தடவை அடுக்கினாலும் ஊட்டி ஸ்டேஷனுக்கு இன்னும் நூறடி பாக்கி இருக்கும். ராஜராஜன் ஒண்ணோட நிறுத்திக்கிட்டாரு, புத்திசாலி.

அந்த விமானத்து உச்சிக்கல்லை சாரப்பள்ளத்துலேருந்து சாரம் கட்டி ஏத்தினதாச் சொல்லுவாங்க இல்லையா? நாலு மைல் நீளத்துக்கு மண்ணுல சாய்வுப் பாதை போட்டாங்கன்னு கதை. நெசமோ பொய்யோ, கணக்கு மட்டும் போட்டுப் பாருங்க. நாலு மைலுக்கு 216 அடின்னா, ஏறத்தாழ 98 அடி நடந்தா ஒரு அடி ஏத்தம். யானை கூட நோகாம ஏறிடும். இந்த மலை ரயில் இருக்கே, ரொம்ப ஏத்தமான எடத்துல 12 அடி போனா ஒரு அடி ஏறிடுது. அந்தக் கணக்குல கட்டியிருந்தா ராஜராஜனுக்கு அரை மைல் சாரம் போதும். மிச்ச மூணரை மைல் மரம், மண்ணு, கூலி எல்லாம் மிச்சம். ஆனா யானைக்குப் பல்லு சக்கரம் மாட்டணும்.

ஆமா, எதுக்குப் பல்லு? நல்ல கேள்வி. நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். சேத்துல டிராக்டர் உழறதைப் பார்த்திருக்கீங்களா? ரப்பர் டயரோட இறக்கினா என்ன ஆகும்? நின்ன எடத்துலயே சுத்தும். டிரைவர் மூஞ்சியில சேறு அடிக்கும். அதுக்குத்தான் இரும்புல கேஜ் வீல் மாட்டி இறக்குறோம். அது சேத்தைக் கடிச்சுக் கடிச்சு ஏறும். ரயில் சக்கரமும் வழவழ, தண்டவாளமும் வழவழ. நம்ம ஊர் மாதிரி சமதளத்துல அது நல்லதுதான், உருண்டுக்கிட்டே போகும். மேட்டுல வழுக்கும். ஒரு மழைத்தூறல் விழுந்தா கேக்கவே வேணாம். அதனால ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு வெட்டின இரும்புச் சட்டத்தைப் போட்டிருக்கான். எஞ்சினுக்கு அடியில பல்லுச் சக்கரம். அது இதைக் கடிக்கும், இது அதைக் கடிக்கும், வண்டி ஏறும்.

அதுலயும் ஒரு சூட்சுமம். 1871-ல சுவிட்சர்லாந்துல ரிகி மலைக்குப் போட்டப்ப, நடுவுல ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி போட்டான். இங்க போட்டிருக்கிறது அப்புறம் வந்த தினுசு. ரோமன் ஆப்ட்னு ஒருத்தரு, அவரும் அந்த ஊர்க்காரர்தான், 1882-ல கண்டுபிடிச்சது. ரெண்டு சட்டம், ரெண்டு சீப்பைப் பக்கத்துல பக்கத்துல படுக்க வச்ச மாதிரி. ஒரு சீப்போட பல்லு இருக்கிற எடத்துல அடுத்த சீப்போட சந்து இருக்கும். அதனால ஒரு பல்லு விடறப்ப இன்னொரு பல்லு பிடிச்சுக்கிட்டு இருக்கும். எந்த நேரத்துலயும் பிடி விடாது. இதைக் கேட்டதும் உங்க அப்பாயி, இதுதான் புருஷன் பொண்டாட்டின்னு சொன்னா. நான் ஒத்துக்கலை. புருஷன் பொண்டாட்டின்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இல்ல கடிப்பாங்க?

தலையாட்டுறீங்க. நம்ம ஊர் பொம்மையே தோத்துச்சு. புரிஞ்சு ஆட்டுறீங்களா, கல்யாணத்துக்கு அப்புறம் பழக்கம் ஆயிடுச்சா?

எஞ்சின் விஷயம் இன்னும் ருசி. நம்ம வீட்டுல சோறு வடிக்கிறாங்க. சோறு ஆளுக்கு, கஞ்சி மாட்டுக்கு. ஒரே அடுப்பு, ஒரே பானை, ரெண்டு வயிறு. அந்த எஞ்சினும் அப்படித்தான். கொதிகலன்லேருந்து வர்ற நீராவி மொதல்ல ஒரு ஜோடி சிலிண்டருக்குள்ள போய், தண்டவாளத்து மேல ஓடற சக்கரத்தைத் தள்ளும். வேலை முடிஞ்சு, வேகம் கொறைஞ்சு வெளிய வர்ற அதே ஆவியை வீணாக்காம இன்னொரு ஜோடிக்கு அனுப்பி, பல்லுச் சக்கரத்தைச் சுத்த வைக்கிறான். சோத்துக்கும் சக்கரம், வடிகஞ்சிக்கும் சக்கரம். இதை யோசிச்சவன் எவனோ சீமைக்காரனா இருக்கலாம், ஆனா அவன் வீட்டுலயும் மாடு இருந்திருக்கணும்.

அந்த எஞ்சினை எல்லாம் சுவிட்சர்லாந்துல விண்டர்தூர்னு ஒரு ஊர்ல செஞ்சு கப்பல்ல அனுப்பினாங்க. கடைசியா வந்தது 1952-ல. அதுக்கு அப்புறம் எங்க போய் வாங்குறது? அங்கதான் என் சகலை மீசையை முறுக்குவாரு. 2011-லேருந்து அதே எஞ்சினைப் பொன்மலையிலேயே புதுசா செய்யறாங்க, மாப்பிள்ளை. மொதல்ல எண்ணெய் ஊத்தி எரிக்கிற தினுசு. 2021-ல நிலக்கரி போடற தினுசும் ஒண்ணு செஞ்சு அனுப்பினாங்க. பொன்மலைப் பட்டறை எங்கேருந்து போச்சு தெரியுமா? நம்ம நாகப்பட்டினத்துலேருந்து. பழைய தஞ்சாவூர் ஜில்லா. 1920-களோட கடைசியில பட்டறையை அங்கேருந்து தூக்கித் திருச்சிக்குக் கொண்டுபோனான். ஆக, கடலோரத்துல உப்புக் காத்துல இருந்த பட்டறையோட வாரிசுதான் இன்னைக்கு மலை ஏறுற எஞ்சினைச் செய்யறது. ஊட்டிக்காரங்க யாராவது ரொம்பப் பேசினா இதைச் சொல்லி வைங்க.

இன்னொண்ணும் சொல்லி வைங்க. தஞ்சாவூருக்கு ரயில் வந்தது 1861-ல. அப்ப ஊட்டியில வெள்ளைக்காரன் பல்லக்குலயும் மாட்டு வண்டியிலயும்தான் ஏறிக்கிட்டு இருந்தான். மலைக்கு ரயில் போடணும்னு 1854-லேயே பேச்சு ஆரம்பிச்சாச்சு. பேசினான், பேசினான், நம்ம ஊர் பாலம் மாதிரி பேசிக்கிட்டே இருந்தான். 1891-ல மண்ணு வெட்டினான். நடுவுல ஆரம்பிச்ச கம்பெனி திவாலாகிப் போச்சு. 1899-லதான் குன்னூர் வரைக்கும் வண்டி ஏறுச்சு. அங்கேருந்து ஊட்டி போய்ச் சேர 1908. பேச்சு ஆரம்பிச்சு 54 வருஷம். இந்தியாவுல பல்லு வச்ச ரயில் அது ஒண்ணுதான். டார்ஜிலிங் ரயிலுக்குப் பல்லு கிடையாது. அது முன்னால கொஞ்சம் போயி, பின்னால கொஞ்சம் வந்து, வட்டமடிச்சு, சிவில் கோர்ட்டு கேஸ் மாதிரி மேல போகும். சிம்லா ரயிலும் வளைஞ்சு வளைஞ்சுதான். நேராக் கடிச்சுக்கிட்டு ஏறுறது நம்ம ஊட்டி ரயில் மட்டும்தான். இதுவே செங்குத்துன்னு நினைச்சுறாதீங்க. சுவிட்சர்லாந்துல பிலாட்டஸ் மலையில ஒரு வண்டி 100 அடிக்கு 48 அடி ஏறுதாம். அதுல ஏறினா உக்கார்றமா, தொங்குறமான்னு தெரியாது. அங்க போகணும்னா உங்க மாமனார் இன்னும் ரெண்டு மா நிலம் விக்கணும். கேட்டுறாதீங்க.

வண்டியில ஏறினதும் எஞ்சினைத் தேடுவீங்க. முன்னால இருக்காது. ஏத்தத்துல எஞ்சின் பின்னாலேருந்துதான் தள்ளும். நாங்க ஏழு பேரும் முன்னால போய்ப் பார்த்துட்டு, ஐயோ எஞ்சினே மாட்டலையேன்னு பதறிப்போயிட்டோம். முன்னால முதல் வகுப்புப் பெட்டிதான் நிக்குது. என் சகலை மட்டும் பீடியை இழுத்துக்கிட்டு சிரிக்கிறாரு. பின்னால ஏன் மாட்டுறான்னா, கொக்கி அறுந்தாலும் பெட்டி உருண்டு கீழ போகாது. எஞ்சின் முட்டுக் குடுத்து நிக்கும். பாரம் ஏத்தின வண்டியை மேட்டுல ஏத்துறப்ப ஆளுங்க பின்னால நின்னு முட்டுக் குடுப்போம்ல, அதே சமாச்சாரம்.

ஆனா டிரைவருக்கு முன்னால வழி தெரியாதே? அதுக்குத்தான் முதல் பெட்டியோட மூக்குல கொடியோட ஒரு ஆளு. பாதையில கல்லு கிடக்கா, மரம் கிடக்கா, யானை நிக்குதான்னு பார்த்துக் கொடி காட்டுவாரு. பெட்டிக்குப் பெட்டி வெளிய ஒரு பிரேக்ஸ்மேன் வேற. திருவாரூர் ஆழித்தேர் பார்த்திருக்கீங்களா? 96 அடி தேரு. வடம் பிடிக்கிறவனைத்தான் எல்லாரும் போட்டோ எடுப்பான். சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடறவன் ஒருத்தன் இருப்பான், உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு. கட்டையை ஒரு நொடி முன்னால போட்டா தேர் நின்னுடும், ஒரு நொடி பின்னால போட்டா தேர் கடைத்தெருவுக்குள்ள போயிடும். இந்த பிரேக்ஸ்மேனுங்க அந்த ஜாதி வேலைக்காரங்க. எஞ்சின் ஊதற கணக்கை வச்சே பிடிக்கிறதும் விடறதும். சாதாச் சக்கரத்துக்கு ஒரு பிரேக்கு, பல்லுக்கு ஒரு பிரேக்கு. நீங்க செல்போனைத் தூக்கி மூஞ்சியைப் படம் எடுக்கறப்ப, உங்களுக்குப் பின்னால ஒரு ஆளு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு பாருங்க, அவரு படத்துல விழுந்தா வெட்டிறாதீங்க.

எந்தப் பக்கம் உக்காந்தா நல்லா தெரியும்னு எல்லாரும் கேப்பாங்க. பொண்டாட்டி எந்தப் பக்கம் உக்கார்றாளோ அந்தப் பக்கம்தான் நல்லா தெரியும். அப்படித்தான் நீங்க சொல்லணும். வழியில 16 குகை வரும், சுரங்கப்பாதை. ஒவ்வொண்ணுலயும் வண்டி நுழைஞ்சதும் இருட்டு, பெட்டியில இருக்கிற புள்ளைங்க எல்லாம் கூச்சல் போடும். புதுசாக் கல்யாணமானவங்க மட்டும் சத்தமே காட்ட மாட்டாங்க. அதுக்கு மேல நான் பேசறது மரியாதை இல்லை.

வேகத்தைப் பத்திக் கோவிச்சுக்காதீங்க. பல்லுப் பாதையில மணிக்கு 13 கிலோமீட்டர்தான். கல்லாறு தாண்டினதும் பல்லு ஆரம்பிக்கும், குன்னூர்ல முடியும். காலையில ஏழு மணி சுமாருக்கு மேட்டுப்பாளையத்துல எடுத்தான்னா ஊட்டி சேர உச்சிவேளை. ஏற அஞ்சு மணி நேரம், இறங்க மூணரை. நடந்து வந்த கெழவி ஒருத்தியை வண்டி முந்திப் போச்சு, அப்புறம் வண்டி நின்னப்ப அவ எங்களை முந்திப் போனா, அப்புறம் நாங்க. அப்படியே மூணு தடவை. கடைசியில யார் ஜெயிச்சாங்கன்னு பார்க்கறதுக்குள்ள மேகம் மறைச்சுடுச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க, மூணாவது நிமிஷமே செல்லை எடுத்துத் தள்ளிக்கிட்டு இருப்பீங்க. அங்க சிக்னல் கிடைக்காது. அதுக்காகவே அந்த வண்டியில உங்களை ஏத்தி விடலாம்.

ஹில்குரோவ்னு ஒரு ஸ்டேஷன். எஞ்சினுக்குத் தண்ணி காட்டுறதுக்கு வண்டி நிக்கும். எல்லாரும் இறங்குவாங்க. டீ, வடை. குரங்குங்க சபை கூடியிருக்கும். உங்க அப்பாயி வாழை இலையில கட்டிக் கொண்டுபோன புளியோதரையைப் பிரிச்சா. அவ எனக்கு எடுத்து வைக்கலாமா, சகலைக்கு எடுத்து வைக்கலாமான்னு யோசிக்கிறதுக்குள்ள, ஒரு தாட்டியான குரங்கு வந்து பொட்டலத்தோட தூக்கிட்டுப் போயிடுச்சு. மரத்துல உக்காந்து ஒரு வாய் எடுத்துச்சு. நாங்க எல்லாம் அண்ணாந்து பார்க்கிறோம். அந்தக் குரங்கு எங்க சமையலைச் சாப்பிட்டு முகத்தைச் சுளிக்குமோன்னு அவளுக்குக் கவலை. அது கடலையை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு சோத்தை எங்க மேலயே உதறுச்சு. அன்னைக்கு முழுக்க அவ என்கூடப் பேசலை. குரங்கு பண்ணினதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் சிரிச்சேன், அதான் பண்ணினது.

அங்க நின்னு எஞ்சின் தண்ணி குடிக்கிறதைப் பார்த்தப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. பள்ளத்துல ஓடை சலசலன்னு ஓடுது. இது எங்கய்யா போகுதுன்னு பிரேக்ஸ்மேனைக் கேட்டேன். கீழ பவானிக்குன்னாரு. பவானி எங்க போகுது? கூடுதுறையில காவேரியில விழுது. காவேரி? முக்கொம்பு, கல்லணை, திருக்காட்டுப்பள்ளிகிட்ட குடமுருட்டி பிரிஞ்சு, நம்ம மதகு. ஆக, நான் நாத்தங்காலைப் பார்த்து வயிறெரிஞ்சு கிளம்பி வந்து, எந்தத் தண்ணி வரலைன்னு ஊரை விட்டேனோ அந்தத் தண்ணியோட வீட்டு வாசல்லயே வந்து நிக்கிறேன். அதுவும் அந்த எஞ்சின் மடக்கு மடக்குன்னு எங்க பங்கைக் குடிச்சுக்கிட்டு இருக்கு. 2018-ல சுப்ரீம் கோர்ட்டு கர்நாடகா நமக்கு 177.25 டிஎம்சி தரணும்னு தசம புள்ளி வரைக்கும் கணக்குப் போட்டுச்சே, இந்த எஞ்சின் குடிக்கிறதை யாராவது எந்தக் கோர்ட்டுலயாவது எழுதினாங்களா? பெங்களூர்க்காரனைத் திட்டியே பழகிட்டோம், இந்தக் கள்ளனை விட்டுட்டோம்.

அட, விளையாட்டுக்குச் சொல்றேன். நடுவுல பவானிசாகர் இருக்கு, கீழ்பவானி வாய்க்கால் இருக்கு, ஈரோட்டுக்காரன் மஞ்சளுக்குப் பாய்ச்சுவான். மலையில விழற ஓடை எனக்குத்தான்னு சொல்றதுக்கு எனக்கே வெக்கமாத்தான் இருக்கு. ஆனாலும் அன்னைக்கு நான் ஒரு காரியம் பண்ணினேன். பையில மடிச்சு வச்சிருந்த வெத்தலையில ஒண்ணை எடுத்து அந்த ஓடையில விட்டேன். சகலை பார்த்துட்டாரு, என்னய்யா இதுன்னாரு. நம்ம ஊருக்குப் போகட்டும், நாம போறதுக்குள்ள போய்ச் சேருதா பார்ப்போம்னேன். ஊருக்கு வந்து ஒரு வாரம் மதகுல போய் நின்னேன்னு வச்சுக்குங்களேன். அதை யார்கிட்டயும் சொல்லாதீங்க.

குன்னூர்ல பல்லு முடிஞ்சுடும். நீராவி எஞ்சினைக் கழட்டிட்டு டீசல் மாட்டுவான். எஞ்சின் போனதும் பாதி ஜனத்துக்கு வண்டி மேல இருந்த மரியாதை போயிடும். எனக்கு என்னவோ அந்தக் குட்டி மீட்டர் கேஜ் பெட்டியில உக்கார்றதே போதும்னு இருந்துச்சு. நம்ம ஊர்ல திருவாரூர், காரைக்குடின்னு நான் போன மீட்டர் கேஜ் எல்லாத்தையும் பிடுங்கி அகலப் பாதை ஆக்கிட்டான். நல்லதுதான், வேகமாப் போகலாம். எங்க போறதுக்கு அவ்வளவு வேகம்னு மட்டும் கேக்காதீங்க.

வெலிங்டன், அரவங்காடு, அப்புறம் கேத்தி. கேத்தி ஸ்டேஷன் வந்ததும் பொண்டாட்டி கையைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. 1982-ல வந்த ‘மூன்றாம் பிறை’ படத்தோட கடைசிக் காட்சியை அங்கதான் எடுத்தாங்க. கமலஹாசன் தலையில பானையை வச்சுக்கிட்டு குட்டிக்கரணம் போடறாரு, ஸ்ரீதேவி யாருய்யா இந்தப் பைத்தியம்னு பார்த்துக்கிட்டே ரயில்ல போயிடுது. உங்களைப் பேத்தி மறந்தாலும் மறப்பா, முன்ஜாக்கிரதையா இருங்க. ‘தைய தையா’ன்னு இன்னொரு படத்துல இந்த வண்டிக் கூரை மேல ஏறி ஆடியிருக்காங்க, உங்க ஃபோன்ல இருக்கும். அதைப் பார்த்துட்டு நீங்களும் ஏறி ஆடினா போலீஸ் பிடிக்கும், இல்லாட்டி குகை பிடிக்கும்.

2005-ல யுனெஸ்கோக்காரங்க இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சொத்துன்னு சேர்த்துட்டாங்க. ஸ்டேஷன்ல பலகை இருக்கும், பார்த்துக்குங்க. எங்க பெரிய கோயிலை 1987-லேயே சேர்த்தாச்சு. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

சரி, இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். தலைதீபாவளி கழிஞ்ச கையோடன்னு எந்தப் புத்திசாலி நாள் பார்த்தது? உங்க ஆபீஸ் லீவா? மலைக்கு உங்க ஆபீஸ் தெரியாது. மத்த மலையெல்லாம் ஆடி ஆவணியில நனையும். இந்தக் குன்னூர்ப் பக்கம் நம்மளை மாதிரி, ஐப்பசி கார்த்திகையிலதான் கொட்டும். கொட்டினா மண்ணு சரியும், பாறை உருளும், பாதையில மரம் விழும். ரயிலை ரத்து பண்ணிடுவான். ஒரு நாள் இல்ல, வாரக்கணக்குல. அப்புறம் நீங்க புது மஃப்ளரைக் கழுத்துல சுத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல பூட்டின கவுண்டரைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். பஸ்ல போகலாம், ஆனா பஸ்ல போறதுக்கு என்னத்துக்கு எங்கிட்ட இவ்வளவு கேட்டீங்க? கேக்கலையா? சரி, சொன்னதுக்கு.

மாசியில போங்க. சம்பா அறுத்து, நெல்லு கொள்முதல் நிலையத்துல போட்டு, காசு வந்துடும். உங்க மாமனாரும் சிரிச்ச முகமா இருப்பான். ஏப்ரல் மே வரைக்கும் தள்ளினா டிக்கெட் கிடைக்காது, ஊரே அங்க நிக்கும். மாசிதான் சரி. அப்படியே தஞ்சாவூர்ல ஏறினா கோயம்புத்தூர் வரைக்கும் ஜன சதாப்தி இருக்கு. ராத்திரி மேட்டுப்பாளையத்துல தங்கிட்டா காலையில குளிச்சு முழுகி ஏறலாம். அவசரமாப் போய் அவசரமா ஏற வேண்டிய வண்டி இல்லை அது.

அப்புறம் எனக்கு ஒரே ஒரு சாமான். மேட்டுப்பாளையத்தை விட்டுக் கல்லாறு போற வழியெல்லாம் பாக்குத் தோப்பு. கமுகு மரம் ஈட்டி ஈட்டியா நிக்கும், அதுக்கு நடுவுல வண்டி நுழையறது ஒரு அழகு. அங்க ஒரு கிலோ பாக்கு வாங்கிட்டு வாங்க. வெத்தலை இங்க இருக்கு, கும்பகோணம் கொழுந்து, நாக்குல வச்சாக் கரையும். பாக்குதான் இங்க கடையில விக்கிறது கல்லு மாதிரி இருக்கு. இந்த மூணு பல்லை வச்சுக்கிட்டு நான் அதை என்ன பண்றது? அதோ பாருங்க இரும்பு உரலு, உங்க அப்பாயி வச்சுட்டுப் போனது. அதுல போட்டு இடிச்சுத்தான் வாயில போடறேன். இளம் பாக்கா வேணும்னு கேளுங்க. பல்லு இல்லாத கெழவனுக்குன்னு சொல்லுங்க, விக்கிறவனுக்குப் புரியும்.

என்ன, அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கிறீங்க? பஸ்ஸா? அது இப்பத்தானே… என்னா சத்தம் அது? ஹாரனா? கேட்டாப்புல இருக்கு. அரசமரத்துகிட்ட திரும்புறப்பதான் அந்த டிரைவரு அப்படி அடிப்பாரு. அடடா. போயிடுச்சா? இருட்டுல சிவப்பு விளக்கு மட்டும் தெரியுது பாருங்க, அதுதான். இனிமே காலையில அஞ்சரைக்குத்தான். என்ன பண்றது மாப்பிள்ளை, நானும் பேச்சு சுவாரஸ்யத்துல கவனிக்கலை.

அடியே பேத்தி! பெட்டியை அவுத்து வை. மாப்பிள்ளை இன்னைக்கு இங்கதான். உலையில ரெண்டு ஆழாக்கு கூடப் போடு.

என்னா கேக்கறீங்க? உலை எப்ப வச்சாளா? நீங்க வந்து திண்ணையில உக்காந்தீங்கள்ல, அப்பவே வச்சுட்டா.